வண்டுச் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் போர் விளையாட்டுகளில் இராணுவ ட்ரோன்கள் இருக்கலாமா என்று கேட்டு உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அவற்றை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் சொல்லும் வழியில் எனக்கு உடன்பாடில்லை. பத்து வருடமாக நான் ஆர்மா 3 என்ற கணினிப் போர் விளையாட்டை விளையாடுகிறேன். அதற்கு முன்னர் இலங்கையின் வன்னியில், போருக்குள் வளர்ந்தேன். இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வன்னியில் நாங்கள் ட்ரோன் என்று சொன்னதில்லை. வண்டு என்போம். அரச படைகளின் ஆளில்லாத வேவு விமானம். தலைக்கு மேலே எங்கோ ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் கண்ணில் படாது, பட்டாலும் ஒரு சின்னப் புள்ளிதான். 2008 கடைசியில் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது, அந்த இரைச்சல் கேட்காத பகல் குறைவு. வண்டு சுற்றினால் அடுத்து ஏதோ வரும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வரப்போவது செல்லா (எறிகணை), கிபிரா (குண்டு போடுகிற விமானம்) என்பதுதான் தெரியாது. புகை தெரியக்கூடாது என்று அம்மா அடுப்பை அணைத்துவிடுவார். கொடியில் காய்கிற உடுப்பை ஓடிப்போய் எடுப்போம். நாலு பேர் சேர்ந்து நிற்கமாட்டோம். ஒன்றும் விழாத நாட்களிலும் எப்போது சமைப்பது, எப்போது தண்ணீருக்குப் போவது என்பதை அந்தச் சத்தம்தான் தீர்மானித்தது.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். 2007இல் வந்த கால் ஆஃப் டூட்டி 4இல், நீங்கள் சாகாமல் தொடர்ந்து மூன்று பேரைச் சுட்டால் ஒரு வேவு விமானம் பரிசாகக் கிடைக்கும். கொஞ்ச நேரத்துக்கு எதிரிகள் எல்லாரும் மூலையில் உள்ள வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவார்கள். ஐந்து பேர் என்றால் விமானத் தாக்குதல், ஏழு பேர் என்றால் ஹெலிகொப்டர். எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் அறிந்த ட்ரோன் அதுதான். அது ஆளை மாறிக் காட்டாது, பழுதாகாது, கீழே இருப்பவனுக்கு அதன் இரைச்சலும் கேட்காது. அந்தச் சிவப்புப் புள்ளிகளில் ஒன்றுகூட தண்ணீர்க் குடத்தோடு போகிற ஆளாக இருக்காது. உங்கள் கட்டுரையாளருக்கு இதில்தான் கோபம் என்றால் அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் எல்லா விளையாட்டும் அப்படி இல்லை. செக் நாட்டின் பொஹீமியா இன்டரெக்டிவ் 2013இல் வெளியிட்ட ஆர்மா 3இல் டார்ட்டர் என்று ஒரு சின்ன ட்ரோன் இருக்கிறது, முதுகுப்பையில் கொண்டு போகலாம். அதை ஓட்ட உங்களிடம் தனியாக ஒரு கருவி இருக்க வேண்டும். நீங்கள் திரையில் வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் உடம்பு பற்றைக்குள் அப்படியே கிடக்கும், பின்னால் யார் வந்தாலும் தெரியாது. கீழே நிற்பவன் துவக்கால் சுட்டே அதை விழுத்தலாம். முக்கியமாக, அவனுக்குச் சத்தம் கேட்கும். அதே விளையாட்டில் கிரேஹோக் என்ற பெரிய ஆளில்லா விமானமும் உண்டு. ஒரு நாள் ஹெட்ஃபோன் போடாமல் அதைப் பறக்கவிட்டேன். குசினியிலிருந்து அம்மா வந்து வாசலில் நின்று, "உதென்ன, வண்டே?" என்று கேட்டார். பதினைந்து வருடத்துக்கு மேல் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து ஹெட்ஃபோனோடுதான் விளையாடுகிறேன்.

சரி, ட்ரோனை எடுத்துவிட்டால் என்ன? இன்றைய போரைக் காட்டுகிறோம் என்று சொல்கிற விளையாட்டு பொய் சொல்கிறதாகிவிடும். 2020இல் ஆர்மீனியாவுக்கும் அசர்பைஜானுக்கும் இடையே நாகோர்னோ கராபாக்கில் 44 நாட்கள் நடந்த போரில் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும் இஸ்ரேலின் ஹாரொப் ட்ரோன்களும் என்ன செய்தன என்பதை உலகமே காணொளியில் பார்த்தது. உக்ரேனில் இப்போது சில நூறு டொலர் பெறுமதியான எஃப்பிவி ட்ரோன் (அதன் கமெராக் காட்சியைப் பார்த்தே ஓட்டுகிற சின்ன ட்ரோன்), பல மில்லியன் டொலர் டாங்கியை நிறுத்துகிறது. வானொலி அலையைக் குழப்பி அதை விழுத்தினார்கள். உடனே பல கிலோமீட்டர் நீள ஒளியிழையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பறக்கிற ட்ரோன் வந்துவிட்டது, அதை அலையால் குழப்ப முடியாது. உக்ரேனின் கேர்சன் நகரில் ட்ரோன்களைத் தடுக்க வீதிகளுக்கு மேலே மீன்வலை போல வலை கட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் இல்லாமல் ஒரு பிளட்டூன் (சிறு படையணி) சண்டையைக் காட்டினால், குறிபார்த்துச் சுடத் தெரிந்த துணிச்சல்காரன் தப்புவான் என்ற பழைய கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பதினாறு வயதுப் பெடியனுக்கு அந்தக் கதை ட்ரோனைவிடக் கெடுதல் என்று நான் நினைக்கிறேன்.

என் அக்காவின் மகனுக்கு அந்த வயதுதான். ட்ரோன் ஓட்ட ஆசைப்பட்டான். நானே ஒரு களம் அமைத்தேன். முதலில் அவனைக் கீழே ஒரு கிராமத்தில் விட்டு, மேலே ட்ரோனை நான் ஓட்டினேன். சுடவில்லை, சும்மா சுற்றினேன். அவன் ஒரு ஒலிவ் மரத்துக்குக் கீழே இருபது நிமிடம் அசையாமல் கிடந்தான். கடைசியில், "மாமா, இது எப்ப போகும்?" என்று கேட்டான். அடுத்த நாள் ட்ரோனை அவனிடம் கொடுத்தேன். இரவு, வெப்பக் கமெரா. கறுப்புத் திரையில் மூன்று வெள்ளை உருவங்கள் ஒரு சுவரோரம் போயின. பீரங்கிக்கு இலக்கைச் சொன்னான், குண்டு விழுந்தது. பிறகு அவனை அந்த இடத்துக்கு நடத்திக் கொண்டுபோனேன். அங்கே கிடந்தவர்கள் நான் களத்தில் வைத்திருந்த கிராமத்து ஆட்கள். "மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியில் பெரிய இராணுவங்களே தோற்றிருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ட்ரோன்கள் ஒரு வெள்ளைக் காரை மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தன. ஏற்றுவது வெடிபொருள் என்று நினைத்து அடித்தார்கள். ஏற்றியது தண்ணீர்க் கான்கள். பத்துப் பொதுமக்கள் இறந்தார்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள். சரியான தாக்குதல் என்று முதலில் சொன்னவர்கள் மூன்று வாரம் போவதற்குள் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். போரைப் பாவனை செய்கிற விளையாட்டு இதையும் பாவனை செய்ய வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவோடு சேர்ந்து, போர்ச் சட்டங்களைப் பற்றி 2017இல் ஆர்மா 3க்கு ஒரு விரிவாக்கம் வந்தது. அதில் முதன்மைப் பாத்திரம் படைவீரன் இல்லை. போர் முடிந்த ஒரு கிராமத்தில் வெடிக்காத குண்டுகளை அகற்றுகிற தொண்டுப் பணியாளர். கொத்துக்குண்டு விழுந்த இடத்தில் காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். அதிலும் ட்ரோன் உண்டு, மருந்து கொண்டு போகிற ட்ரோன். அந்த வருட விற்பனையில் கிடைத்த நிகர வருமானத்தின் பாதியை, 176,667 டொலரை, செஞ்சிலுவைக் குழுவுக்கே கொடுத்தார்கள். வன்னிப் போரின் கடைசி மாதங்களில் புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து காயக்காரரை அந்தக் குழுவின் கப்பல் ஏற்றிப் போனதை அறிந்தவர்களுக்கு இது சின்ன விடயமாகத் தெரியாது.

எனக்கு இப்போது பயம் வேறு இடத்தில். உக்ரேனில், காணொளியால் உறுதிசெய்த தாக்குதலுக்குப் படைப்பிரிவுகள் புள்ளிகள் பெறுகின்றன. அந்தப் புள்ளிகளைக் கொடுத்துப் புதிய ட்ரோன்களை எடுக்கலாம். மூன்று பேருக்கு ஒரு வேவு விமானம் என்ற அந்தப் பழைய கணக்கு விளையாட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. கேர்சனில் சாதாரண சனங்களை ரஷ்ய ட்ரோன்கள் துரத்தித் துரத்தித் தாக்கியதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணை ஆணைக்குழு 2025 மே மாதம் சொன்னது. அதே மாதம் இந்திய பாகிஸ்தான் மோதலின்போது ஆர்மா 3 காட்சிகளை உண்மைப் போர் என்று நம்பி எங்கள் உறவினர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். விளையாட்டிலிருந்து ட்ரோனை எடுத்தால் இவை எதுவும் நிற்கப்போவதில்லை. கீழே கிடந்து பார்த்த பிள்ளைக்கு அந்தக் காட்சியில் என்ன இல்லை என்றாவது தெரியும்.

உங்கள் விளையாட்டு மதிப்புரைகளை என் மருமகன் தவறாமல் வாசிக்கிறான். காட்சித் தரம், விலை, எந்தக் கணினியில் ஓடும் என்பதோடு இன்னும் மூன்றைச் சேர்த்து எழுதும்படி கேட்கிறேன். அந்த விளையாட்டில் ட்ரோனின் சத்தம் கீழே கேட்கிறதா? கீழே பொதுமக்கள் இருக்கிறார்களா? ஆள்மாறி அடித்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது?

இப்படிக்கு,
வன்னி வாசகன்,
ஸ்காபரோ, கனடா.