அப்பச்சியை மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னால்

காரைக்குடி

அன்புள்ள உமையாளுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பச்சி மூச்சுத்திணறல் தணிந்து பள்ளத்தூர் வீட்டுக்குத் திரும்பியதில் பெரிய நிம்மதி. பேத்திக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்த சேதியை இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

மறுபடி முடியாமல் போய், மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். முதலில் கையெழுத்தில் கவனமாக இரு. இங்கே வசதியில்லை என்று ஆஸ்பத்திரியே அனுப்பினால், சீட்டில் 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்று இருக்க வேண்டும். அவசரத்தில் 'சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்' என்ற தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் வழியில் எது நடந்தாலும் பொறுப்பு நம் தலையில் விழும், இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். தம்பியிடம் இதை அழுத்திச் சொல்லிவை.

அடுத்தது பெட். இங்கிருக்கும் டாக்டரே அங்கிருக்கும் டாக்டரிடம் பேசி, பெட் உண்டு என்று உறுதி செய்த பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். பேசியவர் பெயரையும் நேரத்தையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மதுரை வாசலில் வண்டியிலேயே காத்துக் கிடக்க நேரும்.

ஆக்சிஜன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படி. ஆம்புலன்ஸில் வரும் 'பி' டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும். திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை சேர எப்படியும் ஒன்றரை, இரண்டு மணி நேரம். மீட்டர் முள் பாதியில் நின்றால் இருப்பதும் பாதிதான். முள்ளைப் பார்த்து, மாற்றுச் சிலிண்டரும் இருக்கிறதா என்று கேட்ட பிறகே ஏற்றுங்கள். அப்பச்சிக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் என்பதால் இன்னொன்றும் உண்டு. இவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். 98 வரட்டும் என்று கூட்டி வைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கமே வந்துவிடலாம். அவருக்குரிய அளவை டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதச் சொல்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் பார். எந்தப் பழைய மாத்திரையை நிறுத்தினார்கள், சளியில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கல்ச்சர் முடிவு இரண்டு மூன்று நாள் கழித்து வருவதால் பலரும் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். மாத்திரை அட்டையில் பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் படி. அம்லோடிபின் என்று இரண்டு அட்டையிலும் இருந்தால், பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாக விழுங்குகிறார் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் சிகிச்சை விவரம் எழுதி வைக்கும் கேஸ் ஷீட்டின் நகல் கேட்க உனக்கு உரிமை உண்டு. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பில்லில் தகராறு என்பதற்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் சிகிச்சை தந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சண்டைக்குப் போக வேண்டாம், எழுத்தில் கேள். பெரும்பாலும் அதுவே போதும்.

நீ ஊருக்கு வரும்போது நானும் பள்ளத்தூர் வருகிறேன். அதுவரை பழைய மாத்திரை அட்டைகள் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல். சம்மரியோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிடுவோம். அப்பச்சியை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தெய்வானை