பென்சில் பிரிண்ட்

அன்பு மாப்ளே,

முட்டி ஆபரேஷன் முடிந்து நாற்பதே நாளில் பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டாயாமே. தங்கச்சி போனில் ஒரே புலம்பல். எனக்கு என்னவோ பொறாமையாகத்தான் இருந்தது.

இங்கே ஒஹையோவில் போன ஞாயிறு என் கையிலும் கிரீஸ் ஒட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் 1969 செவர்லே கமாரோ இசட்/28 கார் ஒன்றுக்கு விலை பேசியிருந்தார். "ஒரிஜினல் என்ஜின்" என்று விற்பவர் சத்தியம் பண்ணாத குறை. ஒரு எட்டு வந்து பாருங்கள் என்று என்னையும் இழுத்துப் போனார்.

நம் ஊர் ஆர்.சி. புக்கில் சேசிஸ் நம்பரோடு என்ஜின் நம்பரும் இருக்கும். இங்கே பத்திரத்தில் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பர் மட்டும்தான். அந்த வருஷக் கமாரோவின் வின்னில் எட்டு சிலிண்டர் வி8 என்பது தெரியும், இசட்/28 என்பது தெரியாது. அதனால் இரும்பிடமே கேட்க வேண்டியதுதான்.

பிளாக்கின் முன்பக்கம், வலது ஹெட்டை ஒட்டித் தட்டையாக ஒரு சின்ன இடம் உண்டு. அழுக்கைத் துடைத்தேன். வி0314டிஇசட். ஃபிளின்ட் ஆலை, மார்ச் 14, இசட்/28-க்கான 302 கன அங்குல என்ஜின். பக்கத்திலேயே வண்டியின் வரிசை எண். வின்னோடு அப்படியே பொருந்தியது. பக்கத்து வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுப்போமே, அதேபோல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஆலையில் கடைந்த பரப்பென்றால் முன்னிருந்து பின்னாகச் சன்னக் கோடுகள் ஓட வேண்டும். இதில் உப்புத்தாள் தேய்த்த கீறல்தான். பிளாக்கின் மேற்பரப்பைச் சீவி ஃபேஸிங் போட்டால் பழைய நம்பர் போய்விடும். அப்புறம் நம்பர் அடிக்கும் பஞ்ச் செட் வைத்திருப்பவன் எழுதியதே சாசனம்.

பின்னால் கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். வார்ப்பு எண் 3970010, சரிதான். ஆனால் அதே வார்ப்பில் 350 கன அங்குல என்ஜினும் பல வருஷம் வந்தது. இரண்டுக்கும் போர், அதாவது சிலிண்டர் விட்டம், 4 அங்குலம். பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக்தான் 3-க்கும் 3.48-க்கும் வித்தியாசம். வார்ப்புத் தேதி 'கே 12 1'. மாதத்துக்கு ஓர் எழுத்து, ஜனவரிக்கு ஏ. கே என்றால் நவம்பர். கடைசி 1 வருஷம். 1971-ல் வார்த்த பிளாக்கை 1969 மார்ச்சில் பூட்டியிருக்கிறார்கள்! பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதை.

என்ஜின் மாற்றியதில் எனக்குக் குறையே இல்லை. ட்ரான்ஸ்-ஆம் கார்ப் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்காகச் செய்த என்ஜின் அது. விரட்டி ஓட்டினால் போகத்தான் செய்யும். வாரண்டியில் கம்பெனி கொடுத்த மாற்று பிளாக்கில் 'சிஇ' என்று வெளிப்படையாகவே அடித்திருக்கும். இவர்களோ மெனக்கெட்டுப் பொய்யை அடித்திருக்கிறார்கள்.

சொன்னேன். விற்பவர் பானெட்டைச் சாத்திவிட்டார். நம்மவர் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. நல்ல ஆரஞ்சு வண்டி அது.

அந்தப் பென்சில் பிரிண்டை இதோடு வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார். அந்த '3' மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, இல்லையா?

உன்,
பழைய கூட்டாளி