கதைக் கணக்குச் சவால்: விடையைச் சொல்லாமல் உதவியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான கதைக் கணக்குச் சவால் நல்லபடியாக முடிந்தது. யாருக்கு முதல் பரிசு என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். முதல் பரிசு என்று ஒன்று வைக்கவே இல்லை. வைக்கக் கூடாது என்று ஆரம்பத்தில் சொல்லி, கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நின்ற ஆசிரியைக்கு முதலில் நன்றி. நேரக் கெடுவையும் எடுத்துவிடச் சொன்னவர் அவர்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே யோசிக்கப் பெரியவர்களாலேயே முடிவதில்லை, ஏழு வயதுக் குழந்தையால் எப்படி முடியும்?

அடுத்து, கேள்வி தயாரித்தவர்கள். நீங்கள் எழுதிய கேள்விகளைவிட, எழுதிவிட்டு நீங்களே கிழித்துப் போட்ட கேள்விகள் அதிகம் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்புத் தாளில் இருந்த கோலிக் கணக்கை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 'கயலிடம் 5 கோலிகள் உள்ளன. அது முகிலனிடம் இருப்பதைவிட 3 அதிகம். முகிலனிடம் எத்தனை?' 'அதிகம்' என்று கண்ணில் பட்டதுமே கூட்டி 8 என்று எழுதுவது குழந்தைகளின் வழக்கம். அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்! கயலிடம்தான் அதிகம் இருக்கிறது, அதனால் முகிலனிடம் 2 என்று புரிய, கதையை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். அதற்கு நேர் மேலேயே, முகிலனிடம் 3 அதிகம் என்று வரும் நேரான கணக்கையும் வைத்தீர்களே, அது அருமை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், பென்சிலை எடுத்த குழந்தைகள் பலர் அப்படியே நின்று மேலும் கீழும் பார்த்தார்கள். அந்தத் தயக்கம்தான் நமக்கு வேண்டியிருந்தது.

கப்பல் தலைவர் கேள்வியைச் சேர்க்கலாமா என்று நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கும். 'ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?' 1979 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் இப்படி ஒரு கேள்வியை இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் இருக்கிற எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். எண் இருந்தால் அதை ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது. குழந்தைகளை ஏமாற்றுவதுபோல் ஆகிவிடும் என்று எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 'இந்தத் தாளில் விடை சொல்லவே முடியாத கேள்வி ஒன்று இருக்கலாம்' என்று மேலே ஒரு வரி சேர்க்கச் சொல்லிச் சமாதானம் செய்துவைத்தவருக்குத் தனி நன்றி. பொறியாக இருந்த கேள்வி அந்த ஒரு வரியால் விளையாட்டாகிவிட்டது. '36' என்று எழுதியவர்களும் இருந்தார்கள், பரவாயில்லை. 'ஆட்டுக்கும் அவர் வயசுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கோபமாக எழுதிய பையனுக்கு முழு மதிப்பெண் போட்டோம்.

பேருந்துக் கணக்கும் அதே ஜாதிதான். 130 பேர் சுற்றுலா போகிறார்கள், ஒரு பேருந்தில் 40 பேர் உட்காரலாம், எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தால் ஈவு 3, மீதி 10. அந்தப் பத்துப் பேரை நடுத்தெருவில் விட்டுவிட்டா போக முடியும்? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியத் தேர்வு ஒன்றில் 1128 ராணுவ வீரர்கள், பேருந்துக்கு 36 பேர் என்று இதையே கேட்டபோது, பதின்மூன்று வயது மாணவர்களில் நான்கில் ஒரு பங்கினர்கூட 32 என்று சொல்லவில்லை. '31, மீதி 12' என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். வகுத்தல் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். போட்டு முடித்ததும் கதையை மறந்துவிட்டார்கள்.

கேள்வியை உரக்க வாசித்துக் காட்டிய தன்னார்வலர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தை, வரியின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பத்தை மறந்துவிடும். அப்புறம் கணக்கு வரவில்லை என்று அதன் தலையில் முத்திரை குத்திவிடுகிறோம். நீங்கள் நிதானமாக, கேட்டபோதெல்லாம் திரும்பத் திரும்ப வாசித்தீர்கள். முக்கியமாக, எந்தச் சொல்லையும் அழுத்தி வாசித்துக் குறிப்புக் கொடுக்கவில்லை. வாய் துறுதுறுக்கும் நேரத்தில் அது சுலபமான காரியம் இல்லை.

திருத்தியவர்களுக்கு வருகிறேன். விடைக்கு ஒரு மதிப்பெண், வழிக்கு மூன்று என்று வைத்ததால் வேலை பல மடங்கு கூடியது. கோழியும் முயலும் சேர்ந்து 8 தலை, 22 கால் என்ற கணக்கு நினைவிருக்கிறதா? 35 தலை, 94 கால் என்று பழைய சீனக் கணித நூலில் வருவதைத்தான் குட்டியாக்கினோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாளில் ஓர் எண்கூடக் கிடையாது. எட்டு வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால் வரைந்திருந்தாள். பதினாறு கால் ஆயிற்று. மீதி ஆறு காலை, இடது பக்கத்திலிருந்து இரண்டிரண்டாக மூன்று வட்டங்களுக்கு ஒட்டியிருந்தாள். கடைசியில் அந்த மூன்றுக்கு மட்டும் நீளமான காது. 3 முயல், 5 கோழி! பெரிய வகுப்பில் இரண்டு சமன்பாடு எழுதிச் செய்வதை ஒரு பென்சிலும் கொஞ்சம் காதும் செய்து முடித்துவிட்டன. 'படிகள் இல்லை' என்று யாரோ சிவப்பு மையில் எழுதத் தொடங்கி, பாதியில் அடித்துவிட்டு, 'காதுகள்தான் படிகள்' என்று எழுதியிருந்தார்கள். எழுதியது யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

பெற்றோருக்கு என்ன சொல்வது? வெளியே காத்திருங்கள் என்றதும் சிலருக்கு முகம் வாடியது. இருந்தாலும் காத்திருந்தீர்கள். வெளியே வந்த பிள்ளையிடம் 'எத்தனை சரி?' என்று கேட்காமல் 'எந்தக் கேள்வி ஜாலியாக இருந்தது?' என்று கேளுங்கள் என்றோம். பெரும்பாலும் அப்படியே கேட்டீர்கள். கிணற்று நத்தை கணக்கில் மட்டும் பல அப்பாக்களே மாட்டிக்கொண்டீர்கள். 10 மீட்டர் கிணறு, பகலில் 3 மீட்டர் ஏறி இரவில் 2 மீட்டர் சறுக்கும் நத்தை எட்டாம் நாளே மேலே வந்துவிடும். ஏழு நாளில் 7 மீட்டர், எட்டாம் நாள் பகலில் மிச்ச 3 மீட்டரையும் ஏறிய பிறகு சறுக்க அங்கே சுவர் ஏது? இதை உங்களுக்கு உங்கள் பிள்ளைகளே படம் போட்டு விளக்கியதைப் பார்த்தேன்.

இடம் தந்தவர்கள், தாள்களை நகலெடுத்துக் கொடுத்தவர்கள், மேசை நாற்காலி சுமந்தவர்கள், பென்சில் சீவியே கை வலித்தவர்கள் எல்லாருக்கும் நன்றி.

குழந்தைகளே எழுதிய கணக்குகளை இப்போது தொகுத்துக்கொண்டிருக்கிறோம். சிலவற்றில் தேவையில்லாத எண்களை வேண்டுமென்றே நுழைத்திருக்கிறார்கள், நம்மிடமிருந்து கற்றதுதான். தட்டச்சு செய்யவும் படம் வரையவும் ஆள் தேவை. முடிந்தவர்கள் சொல்லுங்கள். விடைகளைத் தனித் தாளில் வைக்கலாம் என்று இருக்கிறோம், அதைக் குழந்தைகளிடம் எப்போது கொடுப்பது என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

அன்புடன்,
ஒருங்கிணைப்புக் குழு சார்பில்