அழுத்தம் எங்கே விழும் என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தினமும் சில ஆங்கிலச் சொற்களைப் பொருளோடும், தமிழ் எழுத்தில் உச்சரிப்போடும் போடுகிறீர்கள். 7-ஆம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறாள். போன வாரம் 'ஃபோட்டோகிராஃபி' என்று வந்ததை, 'ஃபோ'வில் ஓங்கித் தட்டி கணீரென்று வாசித்தாள். அவள்மேல் தப்பில்லை. அச்சில் இருந்ததைத்தானே வாசித்தாள்!

ஆங்கிலச் சொல்லில் உயிரொலிக்கு ஒன்றாகப் பிரியும் துண்டுதான் அசை; அவற்றில் ஒன்றை ஓங்கிச் சொல்வதுதான் அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில். 'ஃபோட்டோகிராஃபி' என்று நீண்டதும் அது இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். முதல் ஓகாரம் தேய்ந்து, கிட்டத்தட்ட 'ஃப-டாக்-ர-ஃபி' என்றுதான் காதில் விழும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றாலோ மூன்றாம் அசைக்குப் போய்விடும். நம்மிடமும் குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம் என்று உயிரொலி குறுகுவதெல்லாம் உண்டு. ஆனால் அழுத்தம் இடம் மாறியதால் பெயர்ச்சொல் வினைச்சொல்லாவது நமக்குப் பழக்கமில்லை. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' முதல் அசையில் அழுந்தினால் பதிவு, இரண்டாவதில் அழுந்தினால் பதிவுசெய்.

அசைகளை எண்ண, தாடைக்கடியில் புறங்கையை வைத்துச் சொல்லச் சொன்னேன். ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை இறங்கும். 'ரெஸ்பான்சிபிலிட்டி'க்கு ஆறு வர வேண்டும். அவளுக்கு நாலுதான் வந்தது. இகரத்துக்குத் தாடை அவ்வளவாக அசையாது, அதுதான் காரணம். அப்புறம் கைதட்டி எண்ணினோம், சரியாக வந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: நம் யாப்பின் அசையை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'மலர்' நமக்கு ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் இரண்டு.

'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த முடிவுக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். எஜுகேஷனில் 'கே', எலெக்ட்ரிக்கில் 'லெக்', எலெக்ட்ரிசிட்டியில் 'ட்ரி'. அரித்மெடிக் மாதிரி சில அடங்காப்பிடாரிகளும் உண்டு. முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த எனக்கே இதையெல்லாம் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்கு வந்த பிறகு அகராதியில் அசைக்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உச்சரிப்பை அசை பிரித்து, அழுந்தும் அசையை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். அதுவரை பேத்தியின் நோட்டில் நான் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்