மாணவர் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வரும் செய்திகள் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களின் புலனக் குழுக்களைப் பற்றிப் பலர் கேட்டு வருகிறீர்கள். பள்ளி எதில் தலையிடும், எதில் தலையிடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

“சிற்றுண்டிச்சாலை மீகோரேங்கில எண்ணெய் மிதக்குது”, “கணக்கு சார் வீட்டுப்பாடமா கொடுத்துத் தள்ளுறாரு” என்று எழுதும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. ஆசிரியர் மனம் வருந்தினாலும் கிடையாது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு கருதி அதற்கு வரம்பு விதிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. இன்னொன்றும் உண்டு: குறை சொன்னதற்குத் திட்டு வாங்கிய பிள்ளை, நாளை ஒரு மிரட்டலைப் பார்த்தாலும் நம்மிடம் வாய் திறக்காது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

“நாளைக்கு ஓய்வு நேரத்துல கழிப்பறைப் பக்கம் வா, இருக்கு உனக்கு.” இதில் ஆள், இடம், நேரம் மூன்றும் இருக்கின்றன. இரண்டு இருந்தாலே கட்டொழுங்கு ஆசிரியர் அன்றே விசாரிப்பார். “சும்மா விளையாட்டுக்கு” என்றாலும் விசாரிப்பார். நிறத்தையோ குடும்பத்தையோ சொல்லி ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சீண்டுவது பகடிவதை. அதற்கெனத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்துவிட்டன.

அப்படியொரு செய்தியைக் கண்டால் முதலில் திரைப்பிடிப்பு எடுங்கள். குழுவின் பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரியவேண்டும், ஓரங்களை வெட்டவேண்டாம். அனுப்பியவரின் பெயரைத் தொட்டு, எண் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். உங்கள் கைப்பேசியில் “ஆறாம் ஆண்டு அம்மா” என்று சேமித்திருந்தால் அது யாரென்று எங்களுக்குத் தெரியாது. அழிக்காதீர்கள், மற்ற குழுக்களுக்குப் பகிரவும் வேண்டாம். பகிர்ந்த செய்தியில் முதலில் எழுதியவரின் எண் வராது. பத்துக் குழு தாண்டி வந்தபின் யார் தொடங்கியது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதற்குள் தவறான பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் பரவிவிடும். எழுதிய பிள்ளையின் பெற்றோரை நீங்களே அழைத்துச் சண்டையிட்டால், விசாரணைக்கு முன்பே செய்திகள் அழிக்கப்பட்டுவிடும்.

படத்தை மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியருக்கு மட்டும் அனுப்புங்கள். ஆயுதம் பற்றிய பேச்சோ உடனடி ஆபத்தோ இருந்தால், எங்களுக்காகக் காத்திராமல் 999-ஐ அழையுங்கள். பிள்ளை யாரிடமாவது மனம்விட்டுப் பேச விரும்பினால் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 இரவிலும் இயங்குகிறது.

அலுவலகத்துக்கு வெளியே உள்ள கருத்துப் பெட்டியில் பெயர் எழுதாமலும் குறைகளைப் போடலாம். வெள்ளிதோறும் ஆலோசக ஆசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பேராளர் ஒருவரும் சேர்ந்து திறப்பார்கள். பதில் அடுத்த வாரச் சபைகூடலில் வாசிக்கப்படும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பினாங்கு