பாம்பு சிக்கவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பச்சைப் பாம்புகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பாம்புகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில், "கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும் இந்தப் பாம்புகளில் புதிய இனங்கள் விஞ்ஞானிகளிடம் சிக்கின" என்று ஒரு வரி. அதைத் தாண்டிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்கின என்பது திருடனைப் பற்றி எழுதும் சொல். மூன்று மழைக்காலம் ஓர் ஆய்வுக் குழுவோடு டார்ச் பிடித்துக்கொண்டு காட்டில் நடந்தவன் நான். பச்சைப் பாம்பு பகலில் இலையோடு இலையாகக் கிடக்கும், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் தெரியாது. இரவில் கிளை நுனியில் தூங்கும்போதுதான் வெளிச்சம் பட்டு வெளிறித் தெரியும். அதற்காக அட்டைக்கடியோடு நள்ளிரவு தாண்டியும் நடப்போம். பல இரவுகள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம்.

பாம்பு கிடைத்த பிறகுதான் வேலையே தொடங்கும். வயிற்றுச் செதில்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், நூறைத் தாண்டிப் போகும். நானும் இன்னொருவரும் தனித்தனியாக எண்ணி, ஒரே ஒரு செதில் வித்தியாசம் வந்ததால் மறுபடி முதலிலிருந்து எண்ணிய நாள் உண்டு. அப்புறம் வால் செதில், முதுகுச் செதில் வரிசை, மூக்கு நுனியின் நீளம், மரபணு. அருங்காட்சியகத்துப் பழைய மாதிரிகளோடும் ஒப்பிட வேண்டும். பெயர் சூட்டும்போது எந்தப் பாம்பை வைத்துச் சூட்டினார்களோ அதைப் பத்திரப்படுத்துகிறார்கள். பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். இதற்கெல்லாம் வருடக்கணக்கில் ஆகும்.

தீபகற்ப இந்தியாவின் பச்சைப் பாம்புகளை வெகுகாலம் நசூட்டா என்ற ஒரே அறிவியல் பெயரில் எழுதிவந்தோம். 2020இல் வந்த ஆய்வு அதைப் பிரித்துக் காட்டியது. நசூட்டா இப்போது இலங்கைப் பாம்பின் பெயர். நம் சமவெளிப் பாம்புக்கு 1825இல் சூட்டிய ஆக்சிரிங்கா என்ற பெயர் திரும்ப வந்தது. அதே ஆய்வில் ஐந்து புதிய இனங்களும் விவரிக்கப்பட்டன. அதற்கு முந்தைய வருடம், தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பச்சைப் பாம்புக்கு உறவான ஒரு புதிய பேரினமே, அதாவது இனங்களைத் தொகுக்கும் மேல்பிரிவே, வந்தது. அது பச்சைப் பாம்புகளிடமிருந்து பிரிந்து ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இவற்றில் ஒன்றாவது உங்கள் அரைப் பக்கத்தில் வந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாததில்லை.

கண்ணைக் கொத்தும் என்ற பழி பழையதுதான். பச்சைப் பாம்புகளின் பேரினத்துக்கு அறிவியல் பெயரான அஹேடுல்லா, சிங்களத்தில் கண்கொத்தி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பாம்பு தேடுவது ஓணானையும் தவளையையும். நெருக்கினால் முன்னால் இருப்பதைக் கொத்தும், அவ்வளவே. அதன் நஞ்சால் மனித உயிருக்கு ஆபத்தில்லை.

சில வருடங்களுக்கு முன் உங்கள் சிறுவர் பக்கத்தில், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று வந்தது. அதற்கு நஞ்சே கிடையாது. எழுதினேன், பதில் இல்லை. இன்னொரு முறை மூங்கில் விரியன் படத்துக்குக் கீழே பச்சைப் பாம்பு என்று போட்டிருந்தீர்கள். ஆபத்தில்லை என்று நம்பி யாராவது விரியனைத் தொட்டால் என்னாவது என்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. நாற்பது வருட வாசகனுக்கு ஒரு அஞ்சலட்டையாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

கட்டுரை வந்த நான்காம் நாள், பக்கத்து வீட்டு வேலியில் ஒரு பச்சைப் பாம்பை அடித்துவிட்டார்கள். சத்தம் கேட்டு ஓடினேன், முடிந்துவிட்டிருந்தது. "பேப்பர்லயே போட்டிருக்கே சார், கண்ணைக் கொத்தும்னு" என்றார் அடித்த பையன். பச்சைப் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன. அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவன் படித்தது உங்கள் பத்திரிகையை.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், பச்சைப் பாம்பு கண்ணைத் தேடிக் கொத்தாது, அதன் நஞ்சால் மனிதர் சாவதில்லை என்று இரண்டு வரி போடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்