சலூன் தாத்தாவுக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

பிப்ரவரியில் மகன் விஷயமாக எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நேற்று புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இருந்து திரும்பும்போது மகன் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து கடலூர் வரும்வரை தூங்கினான். ரொம்ப நாளாகிவிட்டது அவன் அப்படித் தூங்கி. இன்றே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் திருப்பாப்புலியூரில் சலூன் வைத்திருக்கும் பெரியவருக்கு.

8 வயதுப் பையனுக்கு முடி வெட்டுவது எங்களுக்குப் பெரும்பாடு. இரண்டு கடைகளில் இனிமேல் கூட்டி வராதீர்கள் என்றே சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமையும் பாதி வெட்டியதும் துணியை உருவி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினான். "ரெண்டு போட்டா அடங்குவான்" என்றார் காத்திருந்த ஒருவர். நானும் கையை ஓங்கிவிட்டேன்.

பெரியவர் கத்தரியைக் கீழே வைத்தார். "விடுங்க தம்பி. இன்னைக்குப் பாதி போதும். மீதியை நாளைக்கு வெட்டிக்கலாம்" என்றார். தண்ணீர் அடிக்கும் பாட்டிலை மகன் கையில் கொடுத்து, "கண்ணாடியைத் துடைச்சுக் குடு" என்றார். துடைத்தான். மறுநாள் அவனே என்னைக் கிளப்பினான். காதுக்குப் பின்னால் இருந்த கொஞ்சம் முடி மட்டும் திங்கள் மாலை முடிந்தது. மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கான பணம்தான் வாங்கினார்.

கிளம்பும்போது சொன்னார்: "நீங்க ஒரே மூச்சுல நாலு சொல்றீங்க. குனி, ஆடாத, கையை எடு, கண்ணை மூடு. அவனுக்கு முதல்ல சொன்னது மட்டும்தான் நிக்குது. நான் ஒண்ணொண்ணாச் சொல்றேன், செய்யறான். திமிர் புடிச்சவனா இருந்தா அந்த ஒண்ணையும் செய்ய மாட்டான். ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க தம்பி."

மூன்று வருடமாகச் செல்லம், அடம், வளர்ப்பு சரியில்லை என்றுதான் கேட்டிருந்தோம். நாங்களும் அதையே நம்பினோம். அவர் ஒருவர்தான் அவன் என்ன செய்கிறான் என்று நின்று பார்த்தார்.

ஜிப்மரில் முதலில் காதும் கண்ணும் சோதித்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. அவனுக்கு இருப்பது ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு. அதை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டிக்கொடுக்காதாம். வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதத்துக்கு மேலாக இருக்கிறதா, 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டுத்தான் சொன்னார்கள். எதிர்த்துப் பேசுவதும் பொருளை வீசுவதும் அதோடு சேர்ந்து பல பிள்ளைகளுக்கு வருமாம். "காலையில் எழுந்ததில் இருந்து அவன் எத்தனை திட்டு வாங்குகிறான், எண்ணிப் பார்த்தீர்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது என் மனைவி அழுதுவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. இப்போது அவனுக்கு மருந்து, எங்கள் இருவருக்கும் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும், செய்ததும் உடனே பாராட்ட வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் முதல் பாடம். சலூனில் கேட்டது அப்படியே என் காதில் ஒலித்தது.

பள்ளிப் படிவத்தைப் பொறுமையாக நிரப்பி அவனை முன் பெஞ்சுக்கு மாற்றிய வகுப்பு டீச்சர், விடியற்காலையில் எங்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்ட மச்சான், சின்னவளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா, ஷிப்டை மாற்றிக்கொடுத்த நண்பர்கள், எதுவும் கேட்காமல் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் இந்த மூன்று மாதத்தைத் தாண்டியிருக்க மாட்டோம்.

இனி அவன்மேல் என் கை ஓங்காது. இதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். மறந்தால் என்னைத் தடுத்துக் கேளுங்கள்.

பெரியவருக்கு ஒரு சேதி. வருகிற சனிக்கிழமை வருகிறோம். பாட்டிலில் தண்ணீர் நிரப்ப வேண்டாமாம், தானே வந்து நிரப்புவானாம். தாத்தாவிடம் கட்டாயம் சொல்லச் சொன்னான்.